மாமியின் குரலுக்கு அடியில்

செவ்வாய்க்கிழமை ஒருவழியாய் விடிந்தது.

அற்புதராணி தலையணைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். கசெற் இருந்தது. ஆறு நாளாய் அவளுடைய தலைச்சூட்டில் கிடந்ததில் அதற்கும் லேசாய்க் காய்ச்சல் பிடித்திருந்தது. தொட்டால் இளஞ்சூடு.

பிரான்சிலிருந்து புருசன் சூசைதாசன் குரல் பதிந்து அனுப்பிய கசெற் அது. போன கிழமை கொழும்பிலிருந்து வந்த, ஊர்க்காரன் யோசப்பின் அக்கா அதைப் பவுடர் பேணிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுக்க, அரியாலை ஒழுங்கைச் சனம் முழுவதும் முற்றத்தில் கூடியது. சண்டையில் கரண்ட் போய் மூன்று வருடம். பவுண் வாங்கலாம், பற்றறி வாங்க ஏலாது. ஆகவே ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளில் மாமா யாகப்பு ஏறி மிதித்தார். பின்சில்லில் உரசிய டைனமோவிலிருந்து வயர் ஓடிப் பாட்டுப்பெட்டிக்குள் போனது. தகப்பனின் முழங்கால் நோவிலிருந்து மகனின் குரல் வந்தது.

கோப்பை கழுவுகிற வேலையாம். பனி கொட்டுகிறதாம். இந்த மாதக் கடைசிச் செவ்வாய் பின்னேரம் நெல்லியடிப் பக்கத்து ஆள் ஒருவர் வருவாராம், மறுமொழியை இதே கசெற்றில் பதிந்து அவரிடம் கொடுத்துவிட வேண்டுமாம். அவ்வளவுதான் ஒழுங்கை கேட்டது. அதற்குள் மாமி லூர்த்தம்மா பாட்டுப்பெட்டியைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்க, மாமியைப் பிடித்துச் சனம் அழத் தொடங்கிவிட்டது.

பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ராணிக்கு மட்டும் கடைசி வரி கேட்டது.

"ராணி, மற்றப் பக்கம் உனக்கு. தனியக் கேள்."

அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஆனால் மாமனார் மிதிக்க, புருசன் பெண்சாதிக்குச் சொல்வதை எந்த முகத்தோடு கேட்பது? தானே ஏறி மிதிக்கலாம் என்றால், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து ஆரோ ஒருவரின் வீட்டில் ஒரு அறையும் ஒரு விறாந்தையுமாய்க் குடியிருக்கிற சீவியத்தில் தனிமை என்பது பற்றறியைவிடத் தட்டுப்பாடான சாமான்.

அதனால்தான் அவள் செவ்வாயைக் குறித்துவைத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் மாமாவும் மாமியும் அந்தோனியார் கோயிலுக்குப் போவார்கள். ஒன்றரை மணித்தியாலம் வீடு அவளுடையது.

அந்த ஆறு நாளும் அவள் கேட்காத பக்கத்தையே கேட்டுக்கொண்டு திரிந்தாள். தேங்காய் துருவினால் அதற்குள் அவன் கதைத்தான். கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் தொண்டையைச் செருமினான். திரளி மீனின் செதிலைச் சுரண்டும்போது, பனி இப்படித்தான் கொட்டுமோ என்று உள்ளங்கையை விரித்துப் பார்த்து நின்றாள். மீன் பூனையோடு போய்விட்டது.

"பிள்ளைக்கு என்னவோ பிடிச்சிட்டுது," என்றார் மாமி.

"பூனையைப் பிடிக்கேல்லை எண்டதுதான் இப்ப கவலை," என்றார் மாமா.

*

இப்போது செவ்வாய். ராணி மாமியின் கோயில் சீலையை எடுத்து மடிப்பு நீவி வைத்தாள். மாமி அந்தச் சீலையை எடுத்து ராணியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இண்டைக்கு நீ கோயிலுக்குப் போட்டு வா மோளை. எனக்கும் மாமாவுக்கும் கால் ஏலாமல் கிடக்கு."

"எனக்கும் ஏலாமல் கிடக்கு மாமி."

"உனக்கு இருவத்தெட்டு வயசு. உனக்கு என்ன ஏலாது? அந்தோனியாரிட்டை ஒரு வீட்டிலை இருந்து ஒராளாவது போகோணும். போ."

மாமா சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கால் ஏலாத மனுசன் ஏன் சைக்கிளுக்கு எண்ணெய் விடுகிறார் என்று ராணி அப்போதே யோசித்திருக்க வேண்டும். கனவில் நடப்பவளுக்கு அதெல்லாம் எங்கே படப்போகிறது?

கோயிலில் அவள் முழந்தாளில் இருந்தாள். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். "எனக்குத் தொலைஞ்சது ஒண்டுமில்லை சுவாமி, ஒரு மணித்தியாலம் தனிய இருக்க மட்டும் ஒரு வழி காட்டும்," என்று கேட்டாள். தொலையாததைக் கேட்டது தவறோ என்னவோ.

திரும்பி வந்தபோது இரண்டு பேரும் விறாந்தையில், திருநாள் நாடகத்தில் பரிசு வாங்கிய முகத்தோடு இருந்தார்கள். மாமாவின் சேட் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பாட்டுப்பெட்டி வாங்குப் பலகையில் இருந்தது. அதன் வாய் திறந்து கிடக்க, உள்ளே அவளுடைய கசெற்.

"மறுமொழி பதிஞ்சாச்சு!" என்றார் மாமி. "பின்னேரம் அந்த மனுசன் வரேக்கை அந்தரப்படத் தேவையில்லை. நானே சிவத்தப் பொத்தானை அமத்தினனான். மாமா மிதிச்சவர்."

"ஏழு நிமிசம்," என்றார் மாமா. "பல்ப்பைப் பாத்துப் பாத்து மிதிச்சனான். ஒருக்காலும் வெள்ளையாக விடேல்லை."

பெட்டியின் அடியில் சூசைதாசன் போகுமுன் எழுதி ஒட்டிய காகிதம் சொல்கிற விதி அது: சைக்கிள் பல்ப் மஞ்சளாய் எரிந்தால் பாட்டு, வெள்ளையாய் எரிந்தால் பெட்டிக்குச் சாவு. மாமா அதை வேதம்போலக் காத்துவந்தார்.

ராணி பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"எந்தப் பக்கத்திலை மாமி பதிஞ்சனீங்கள்?"

"முதற்பக்கத்திலை எப்பிடிப் பதியிறது? அதிலை அவன்ரை குரல் எல்லோ கிடக்கு! அதை அழிக்க எனக்கு மனம் வருமே? மற்றப் பக்கம் சும்மாதானே கிடந்தது. திருப்பிப் போட்டனான்."

ராணி வாங்கில் இருந்தாள். பிறகு நிலத்தில் இருந்தாள். அதற்குக் கீழே இருக்க இடமில்லை.

"அது சும்மா கிடக்கேல்லை மாமி."

சொல்லி முடிக்க நேரமெடுத்தது. தனியக் கேள் என்று அவன் சொன்னது, தலையணை, செவ்வாய்க்கிழமைத் திட்டம் எல்லாம் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. மாமி கேட்கக் கேட்கச் சிறுத்துக்கொண்டே போனார்.

"கீழை இருக்கும்தானே?" என்றார் கடைசியாக. "சட்டைக்கு மேலை சட்டை போட்ட மாதிரி? என்ரை குரலைக் கழட்டினால் அவன்ரை குரல் இருக்காதே?"

"இல்லை மாமி. சிலேற்றிலை அழிச்செழுதின மாதிரி."

சூசைதாசன் முன்பு பட்டணத்தில், கசெற்றில் பாட்டுப் பதிந்து விற்கிற றெக்கோடிங் பாரில் வேலை செய்தவன். கசெற்றின் முதுகில் இரண்டு சின்னப் பல்லு இருக்கும், ஒரு பக்கத்துக்கு ஒன்று. அதை உடைத்துவிட்டால் பிறகு ஆர் சிவப்புப் பொத்தானை அமத்தினாலும் அது பதியாது என்று அவளுக்குக் காட்டியவனே அவன்தான். "பல்லு உடைக்காத கசெற்றும் பூட்டாத வீடும் ஒண்டு," என்பான். மறுமொழிக்கு வேண்டும் என்பதால் இம்முறை அவன் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறான். அவளுக்காவது தன் பக்கத்துப் பல்லை உடைக்கத் தோன்றியிருக்கலாம். ஆறு நாள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவளுக்கு அது தோன்றவில்லை.

"ஏழு நிமிசம்தானே," என்றார் மாமா மெல்ல. "அவன் அதுக்கு மேலையும் கதைச்சிருப்பான். சின்னனிலையே வாய் கூட. நான் மிதிக்கிறன் பிள்ளை. காதுக்குள்ளை பஞ்சு வைச்சுக்கொண்டு மிதிக்கிறன்."

"வேண்டாம் மாமா. நான் மிதிக்கிறன்."

*

இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போனார்கள். போகும்போது மாமி ஒருமுறை திரும்பி, "என்ரை பங்கைக் கேட்காதை மோளை, அதை ஓட்டிவிடு," என்றார்.

பதிந்ததைக் கேட்டுப் பார்க்க மாமா நாடாவைப் பென்சிலால் முதலுக்கே சுற்றி வைத்திருந்தார். முன்னுக்கு ஓட்டிவிட்டால் இந்தப் பெட்டி நாடாவைத் தின்னும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ராணி பார் வைத்த அந்த ஆம்பிளைச் சைக்கிளில் சீலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். மிதித்தாள். சில்லு சுழன்றது. டைனமோ வண்டுபோல இரைந்தது. பல்ப் சிவந்து, மஞ்சளாகி நின்றது. சைக்கிள் ஓரடியும் நகரவில்லை. ஆனால் வேலியும் முருங்கையும் மெதுவாய்ப் பின்னால் போவதுபோல அவளுக்கிருந்தது.

முதலில் மாமி வந்தார்.

"சூசை, அம்மா கதைக்கிறன். சாப்பிட்டியோ? காதை மூடித் தொப்பி போடு. கருவாடு அனுப்பட்டோ எண்டு அப்பா கேட்கிறார். அப்பா கேட்கேல்லை, நான்தான் கேட்கிறன்."

பின்னால் மாமாவின் மூச்சு, துறையில் வள்ளம் இழுக்கிற மூச்சு. கோபத்தை மிதியில் காட்டினால் பல்ப் வெளுக்கும். அதனால் ராணி கோபத்தையும் மஞ்சளாகவே வைத்துக்கொண்டாள்.

கொஞ்சம் பொறுத்து மாமியின் குரல் தாழ்ந்தது.

"மோனை, ராணியைக் கெதியாய்க் கூப்பிடு. அவள் எங்களுக்குச் சமைச்சுக்கொண்டு வாடுறாள். பூனை மீனைத் தூக்கினாலும் தெரியாமல் நிக்கிறாள். நாங்கள் ரெண்டுபேரும் எப்பிடியும் சமாளிப்பம். நான் இப்பிடிச் சொன்னனான் எண்டு அவளிட்டைச் சொல்லிப்போடாதை. அழுவாள்."

சொன்னது சரி. அழுதாள். அழுதுகொண்டே மிதித்தாள்.

ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் முழுவதும் ஓடி முடிந்தது. ஆமென். டக் என்று ஒரு சத்தம்.

அந்த ஆமெனுக்கு அடியிலிருந்து அவன் வந்தான்.

"...அதை அவர் சரியாய்ச் சொன்னால் மட்டும் அவரோடை வெளிக்கிடு ராணி. பிசகினால் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடு. கடிதம் காட்டினாலும் நம்பாதை, படம் காட்டினாலும் நம்பாதை. கத்தரீனாவுக்கு நடந்ததை யோசப்பின் அக்கா எனக்குப் போனிலை சொன்னவ. கேள்வி உன்னட்டை, பதில் அவரிட்டை. கசெற் வேறை கையாலை வருது, அவர் வேறை வழியாலை வாறார். ரெண்டும் பொருந்தினால்தான் என்ரை ஆள். நான் கேட்கச் சொன்னதை மறந்திடாதை, என்ன?"

பிறகு தூரத்தில் ஏதோ ரெயில். அவன் மூக்கை உறிஞ்சினான்.

"வா," என்றான்.

அவள் கால் தன்பாட்டில் தளர்ந்தது. பல்ப் சிவந்தது. அந்த "வா" நீண்டு, தடித்து, மாரிக் கடலின் அடியிலிருந்து வருவதுபோல வந்துகொண்டே இருந்தது. அதை முடியவிட அவளுக்கு மனமில்லை. இவ்வளவு நாளும் பதிந்த வேகத்திலேயே வந்து போய்விடுகிற அவன் குரல், இன்றைக்கு அவள் காலுக்குள் இருந்தது.

அவன் பேச்சு முடிந்தது. வெறும் இரைச்சல் ஓடியது. அதையும் கொஞ்ச நேரம் மிதித்துக் கேட்டாள்.

பிறகு இறங்கி, கொண்டை ஊசியால் கசெற்றின் இரண்டு பல்லையும் உடைத்தாள். வெள்ளம் போன பிறகு கட்டின அணைதான். ஆனாலும் அந்த "வா" உள்ளே இருந்ததே.

*

கத்தரீனா குருநகரில் பக்கத்து வீட்டுக்காரி. புருசனின் கையெழுத்து அச்சொட்டாய் இருந்த கடிதத்தோடு ஒருவன் வந்தான். வழிச்செலவுக்கென்று காப்பையும் தாலிக்கொடியையும் வாங்கினான். வவுனியாவில் ஒரு லொட்ஜில் இருத்தி, ரிக்கற் எடுத்து வருகிறேன் என்று போனவன் போனவன்தான். மூன்று கிழமை அந்த லொட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்த கத்தரீனா, இப்போது ஆர் கதவைத் தட்டினாலும் திடுக்கிடுகிறாள்.

"கேள்வி என்ன எண்டு தெரியாமல் நீ என்ன செய்யப் போறாய்?" என்றார், மிச்சம் கேட்டதை ராணி சொன்ன பிறகு மாமி. அவர் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார். கசெற்றுக்குள் தொலைந்தது அந்தோனியாரின் அலுவலகத்துக்கு உட்பட்டதா என்று அவருக்கே சந்தேகம்.

"தெரியாதெண்டு அவருக்குத் தெரியாதுதானே மாமி," என்றாள் ராணி.

மாமா அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். வலையில் எதிர்பாராத மீன் விழுந்தால் பார்க்கிற பார்வை.

நாலு மணிக்கு அந்த மனுசன் வந்தார். இளையதம்பி என்று பெயர். கறுப்புக் கண்ணாடி, விரலில் கல்லு மோதிரம், கக்கத்தில் தோல்பை. கத்தரீனாவின் ஆளுக்கும் இதே கண்ணாடி, இதே மோதிரம், இதே தோல்பை. மாமி உள்ளே போய்த் தேத்தண்ணியை இப்போதே ஊற்றத் தொடங்கிவிட்டார், அனுப்பிவிடுகிற தேத்தண்ணி.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை கிளாலியிலை கடல் கடக்க வள்ளம்," என்றார் இளையதம்பி. "ஊரை விட்டுப் போற பாஸ் அலுவல் நான் பாத்திட்டன். சின்னப் பெட்டி ஒண்டு காணும். நகையள் இருந்தால் என்னட்டைத் தரலாம், வழியிலை பாதுகாப்பு."

யாகப்பு பஞ்சு வைக்காத காதைச் சொறிந்தார்.

"அண்ணை," என்றாள் ராணி, "அவர் உங்களிட்டை ஒண்டு சொல்லிவிட்டிருப்பார்."

"ஓம். நீங்கள் கேள்வி கேட்பியள் எண்டவர். கேளுங்கோ."

"நீங்கள் முதலிலை பதிலைச் சொல்லுங்கோ."

இளையதம்பி கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடிக்குப் பின்னால் களைத்துப்போன, கொஞ்சம் பயந்த கண்கள் இருந்தன.

"சோதினை மண்டபத்திலையும் கேள்விதானே தங்கச்சி முதலிலை?"

"நான் கேள்வியைச் சொன்னால் அதிலை பாதிப் பதில் வந்திடும் அண்ணை. கேட்டிட்டு ஊகிச்சுச் சொன்னியளோ, தெரிஞ்சு சொன்னியளோ எண்டு எனக்கு என்னண்டு தெரியும்?"

பொய் இவ்வளவு நேர்த்தியாய் வரும் என்று அவளே நினைக்கவில்லை. மாமி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் உறைந்து நின்றார்.

இளையதம்பி நெளிந்தார். மோதிரத்தைச் சுற்றினார். சரி, இவ்வளவுதான் என்று ராணி நினைத்தாள். நெஞ்சுக்குள் அந்த "வா" மெதுவாய்ச் சிவந்து அணையத் தொடங்கியது.

"எனக்கே விளங்கேல்லை தங்கச்சி," என்றார் அவர். "எழுதி வைக்க வேண்டாம் எண்டவர். வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்தனான். சொன்னால் பைத்தியம் எண்டு நினைப்பியள்."

"பரவாயில்லை."

"கட்டிலுக்குக் கீழை விதானையார்."



கலியாணம் முடித்த முதல் மாதம், ஒரு மத்தியானம். சூசைதாசன் உயிர்நண்டு ஒன்றைச் சாக்கில் சுற்றி அறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான். ஒளித்ததற்குக் காரணம் உண்டு: அது சந்தையில் காசு கொடுத்து வாங்கிய நண்டு. கடலில் இறங்கப் பயந்து றெக்கோடிங் பாருக்குப் போன மகன், யாகப்புவின் மகன், நண்டைக் காசுக்கு வாங்கினான் என்று தெரிந்தால் யாகப்பு அன்றைக்கே கடலில் விழுந்திருப்பார். நண்டு சாக்கை விட்டு இறங்கிக் கட்டிலுக்குக் கீழே போய், பக்கவாட்டில் நடந்து, வாயில் நுரை தள்ளி அதிகாரம் பண்ணியது. ஊரை ஆளுகிற அதிகாரி, அச்சாய் விதானையார். இரண்டு பேரும் கட்டிலில் ஏறி நின்று, சத்தம் வராமல் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பொழுதுபடப் போய்க் கடலில் விட்டார்கள். இந்த உலகத்தில் அது மூன்று பேருக்குத்தான் தெரியும். மூன்றாவது ஆள் நண்டு.

கேள்வி என்னவென்று அவள் கேட்டதேயில்லை. ஆனால் பதிலை எங்கே கண்டாலும் அவளுக்குத் தெரியும்.

ராணி சிரித்தாள். அன்றைக்குப் பொத்திய சிரிப்பின் மிச்சமும் சேர்ந்து வந்தது.

"எந்த விதானையார்?" என்றார் யாகப்பு. "ஆற்றை கட்டிலுக்குக் கீழை?"

"அது ஒண்டுமில்லை மாமா."

"ஒண்டுமில்லாமலோ விதானையார் கட்டிலுக்குக் கீழை வருவார்?"

"மாமா, இவர் அவற்றை ஆள்தான். நகை மட்டும் என்னோடையே இருக்கும் அண்ணை, குறை நினையாதையுங்கோ."

"நினைக்கேல்லை. நான் எண்டாலும் அப்பிடித்தான்," என்றார் இளையதம்பி.

மாமி கோப்பையை அவர் கையில் கொடுத்தார். பிறகு அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சீனி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். அப்போதுதான் அவருக்கு வெள்ளிக்கிழமை என்ற சொல் காதில் ஏறியது. மூன்று நாள். அவர் ராணியின் தலைமயிரை ஒதுக்கிவிட்டார். ஒதுக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

இளையதம்பி தேத்தண்ணியை உறிஞ்சினார். மனுசனுக்கு இப்போது பாரம் இறங்கியிருந்தது. கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரி தங்கச்சி. அது முதலாவது."

"முதலாவதோ?"

"ரெண்டு பதில் தந்துவிட்டவர் எல்லோ. முதலாவது, நான் ஆர் எண்டு நீங்கள் அறியிறதுக்கு. அதைக் கேள்வி இல்லாமலே சொல்லிப்போட்டன். மற்றது அப்பிடியில்லை. அதை நீங்கள் உங்கடை வாயாலை கேட்டால் ஒழியச் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். அதைக் கேட்டிட்டு நீங்கள் வெளிக்கிடுறியளோ, இல்லையோ, உங்கடை விருப்பமாம்."

அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"கேளுங்கோ."

ராணி வாங்கில் கிடந்த கசெற்றைப் பார்த்தாள். அதற்குள் அந்தக் கேள்வி இருந்த இடத்தில், காதை மூடித் தொப்பி போடு என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார். ராணி மாமியைப் பார்த்தாள். மாமி அந்தோனியாரைப் பார்த்தார். அந்தோனியார், எப்போதும்போல, தன் கையிலிருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.